ஆசிரியர் வேண்டாம் என்கிற பியானோ செயலிகளும், பரணுக்குப் போன கீபோர்டுகளும்

பதிவு நீளம். டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தால்தான் நிறுத்துவார் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே மணியும் கிடையாது.

நான் கீபோர்டு கற்றுக்கொள்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து உங்களில் பலர் செயலி விளம்பரங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பெங்களூரிலிருந்து ஒன்று, மஸ்கட்டிலிருந்து ஒன்று, பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் ஒன்று. எல்லாவற்றிலும் ஒரே பேச்சுதான்: வீட்டிலிருந்தபடியே, உங்கள் வேகத்தில், ஆசிரியர் இல்லாமலே பியானோ. அன்புக்கு நன்றி. ஆனால் அந்த 'ஆசிரியர் இல்லாமலே' என்பதோடு எனக்குச் சண்டை இருக்கிறது. பிழைப்பு போய்விடும் என்ற பயத்தில் சொல்லவில்லை. ஓய்வூதியம் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

வெம்பக்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் எனக்குத் தெரிந்தே நான்கு கீபோர்டுகள் பரணுக்குப் போய்விட்டன. நான்கும் பிள்ளைகள் ஆசையாக வாங்கிக் கொடுத்தவை. நான்குக்கும் சொந்தக்காரர்கள் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் நான்கு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "எனக்கு வராது."

36 வருடம் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியவள் நான். 'கழித்தல் எனக்கு வராது', 'இங்கிலீஸ் எனக்கு வராது' என்று ஐந்து வயதுப் பிள்ளை சொன்னால், யாரோ அதன் மண்டையில் அதை ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ பெரும்பாலும் வீட்டில் இருப்பார், சில சமயம் பள்ளிக்கூடத்திலேயே இருப்பார். இப்போது அது 799 ரூபாய், 2,999 ரூபாய் என்று சந்தா வாங்கிக்கொண்டு செல்போனுக்குள் இருக்கிறது.

இந்தச் செயலிகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திரையின் மேலிருந்து வண்ணக் கட்டங்கள் மழை மாதிரி இறங்கும். கீழே பியானோ கட்டைகள் வரைந்திருக்கும். கட்டம் எந்தக் கட்டையைத் தொடுகிறதோ அதே நேரத்தில் நீங்கள் உங்கள் கீபோர்டில் அதை அழுத்த வேண்டும். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. பாட்டு முடிந்ததும் நட்சத்திரம். நீங்கள் அழுத்தியது செயலிக்கு இரண்டு வழியில் தெரியும். ஒன்று, செல்போனின் மைக் ஒலியைக் கேட்டுக் கண்டுபிடிக்கும். இன்னொன்று, கீபோர்டிலிருந்து கம்பி வழியாக மிடி என்ற முறையில் தகவல் போகும். மிடி 1983இல் வந்தது. எந்தக் கட்டை, எப்போது அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பதை எண்களாக அனுப்பும். அழுத்திய வேகத்துக்கு 1 முதல் 127 வரை எண் உண்டு. கெட்டிக்கார ஏற்பாடுதான், நான் மறுக்கவில்லை.

அதற்குத் தெரியாதது என்ன? அழுத்தியது எந்த விரல் என்று தெரியாது. மணிக்கட்டு தொங்குகிறதா, தோள்பட்டை காதுவரை ஏறிவிட்டதா என்று தெரியாது. பத்து கட்டைக்கும் ஒரே ஆள்காட்டி விரலால் குத்திக்குத்தி வாசித்தாலும் முழு நட்சத்திரம் கொடுத்துவிடும்.

இதில் என்ன தப்பு, பாட்டு வந்துவிட்டதே என்பீர்கள். 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தது நினைவிருக்கிறதா? எழுத்தைப் பார்த்தால் 'அ' மாதிரிதான் இருக்கும். ஆனால் பிள்ளை அதை வாலிலிருந்து தொடங்கிச் சுழியில் முடித்திருக்கும். எழுதி முடித்த சிலேட்டை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது, எழுதும்போது கையைப் பார்க்க வேண்டும். அன்றைக்கே திருத்தாவிட்டால் மூன்றாம் வகுப்பில் வேகமாக எழுதச் சொல்லும்போது அந்தப் பிள்ளை பின்தங்கும், கை வலிக்கிறது என்று அழும், பிறகு 'எழுத வராது' என்று பெயர் வாங்கும். பியானோவிலும் அப்படித்தான். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குக் கீழே நுழைத்து அடுத்த இடத்துக்குப் போகப் பழகாதவர் ஐந்து சுரத்தைத் தாண்டியதும் முட்டிக்கொண்டு நிற்பார். செயலி அதுவரை நட்சத்திரம் கொடுத்து வளர்த்துவிட்டு, ஆறாவது சுரத்தில் சிவப்பு காட்டத் தொடங்கும். ஏன் என்று சொல்லாது, அதற்கே தெரியாது.

சரி, உங்கள் வேகத்தில் படிக்கலாம், படிப்படியாக ஏறலாம் என்கிறார்களே? இது எனக்குப் புதிதா? 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழ்நாடு முழுக்க ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை வந்ததே செயல்வழிக் கற்றல், அதில் நானும் பாடம் நடத்தியிருக்கிறேன். சுவரில் ஏணிப்படி அட்டவணை, அலமாரி நிறைய அட்டைகள், ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படச் சின்னம். பிள்ளை தன் வேகத்தில் ஒரு படி முடித்து அடுத்ததற்குப் போகும். உங்கள் செயலியில் இருக்கும் லெவல் எல்லாம் அந்த ஏணிதான். ஆனால் அந்த ஏற்பாட்டில் பிள்ளை முதலில் உட்காருவது ஆசிரியர் உதவும் குழுவில். பிறகு சக மாணவர் உதவும் குழு. அதற்கப்புறம்தான் தானே கற்பது. டீச்சர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் உட்கார்ந்த வகுப்பில் அது நன்றாக நடந்தது. நாற்காலியிலேயே இருந்த வகுப்பில் பிள்ளைகள் அட்டையைத் தொட்டுவிட்டு அடுத்த அட்டைக்கு ஓடினார்கள். ஏணியில் ஏறியிருந்தார்கள், வாசிக்கச் சொன்னால் விழித்தார்கள். முதல் இரண்டு குழுவையும் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் விற்றால் அதற்குப் பெயர்தான் இப்போதைய செயலி.

பரணுக்குப் போன நான்கில் ஒன்றின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். என்னிடம் படித்த ஒரு பையனின் அம்மா. சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர், கல்யாணத்துக்குப் பிறகு பயராபீஸில் திரி வேலை. கட்டை அடுக்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு கையும் தனித்தனியாக ஓடும், கண் எங்கோ இருக்கும், வாய் கதை பேசும், குச்சி மட்டும் தப்பாமல் பள்ளத்தில் போய் உட்காரும். அந்தக் கைக்குப் பியானோ வராதாம்!

அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பரணிலிருந்து இறக்கி, சுற்றியிருந்த பழைய சேலையைப் பிரித்து மாட்டச் சொன்னேன். கீபோர்டிலிருந்து செல்போனுக்குக் கம்பி போகிறது. செல்போனிலிருந்து சத்தம் புளூடூத் ஸ்பீக்கரில் வருகிறது. அதுவும் மகன் வாங்கிக் கொடுத்ததுதான், நல்ல ஸ்பீக்கர். கோளாறு அங்கேதான் இருந்தது. புளூடூத்தில் சத்தம் உடனே வராது. நொடியில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று பிந்தி வரும். சினிமாப் பாட்டு கேட்க இது பொருட்டில்லை. வாசிக்கும்போதோ, கட்டையை அழுத்திய பிறகுதான் சத்தம் வருகிறது. கூட ஓடும் பாட்டைக் காதால் கேட்டுச் சரியாக வாசித்தால், திரைக்கு நீங்கள் தாமதம், சிவப்பு. திரையைப் பார்த்து வாசித்தால் காதில் விழுவது பொருந்தாது. அந்த அம்மா மூன்று வாரம் தினமும் சிவப்பு வாங்கியிருக்கிறார். "நமக்குத் தாளம் பிடிபடலை டீச்சர், கை மெதுவாப் போச்சு, வயசாயிடுச்சுல்ல" என்றார். நான் புளூடூத்தை அணைத்துவிட்டுக் கம்பி வைத்த இயர்போனைச் செருகினேன். அதே பாட்டு, அதே கை. பாதிக்கு மேல் பச்சை.

இன்னொரு வீட்டில் மைக் வழியாகக் கேட்கும் செயலி. அடுத்த அறையில் மிக்ஸி, தலைக்கு மேல் மின்விசிறி, கோவில் ஒலிபெருக்கி. செயலி எதைக் கேட்டு எதைத் தப்பென்று சொன்னதோ தெரியாது. அவரும் 'என் விரல்தான் சரியில்லை' என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஸ்பீக்கரின் கோளாறு, மைக்கின் கோளாறு, பாடத்தை அமைத்த விதத்தில் கோளாறு, எல்லாவற்றையும் சேர்த்து ஐம்பத்தெட்டு வயதுப் பெண் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்திலும் 'உனக்கு வராது', வேலையிலும் 'உனக்கெதுக்கு' என்று கேட்டே பழகிய தலைமுறை. மிஷின் தப்பு என்று சொன்னால் மிஷின்தான் தப்பு என்று எண்ணும் துணிச்சலை அவர்களுக்கு யார் கொடுத்தோம்? பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் விஷயம்.

தினமும் தொடர்ந்து வாசித்தால் ஒரு தீச்சுடர் படம் எரியுமாம், ஒருநாள் விட்டால் அணைந்துவிடுமாம், உடனே ஏன் வரவில்லை என்று செய்தி வருமாம். நம் ஊரில் வந்து தீ அணைந்துவிட்டது என்று பயமுறுத்துகிறார்கள்! இங்கே தீ அணைந்தால்தான் நமக்கு நிம்மதி. இரண்டு நாள் துக்க வீட்டில் இருந்துவிட்டு வந்த ஒரு அம்மா, சுடர் அணைந்துபோனதற்காக வருத்தப்பட்டுச் செயலியையே திறக்காமல் விட்டிருக்கிறார். வருகைப் பதிவேட்டை வைத்துப் பிள்ளையை மிரட்டுகிற ஆசிரியர்களை எனக்குப் பிடிக்காது. பதிவேடே மிரட்டினால்?

'இளையராஜா 81 வயதில் லண்டனில் சிம்பொனி அரங்கேற்றினார், நீங்களும் சாதிப்பீர்கள்' என்று 2025 மார்ச்சில் எனக்கு அனுப்பியவர்கள் பலர். பெருமையான செய்தி, நானும் கண் கலங்கினேன். ஆனால் அது வாழ்நாள் முழுக்க இசையிலேயே இருந்தவரின் கதை, எனக்கு ஒப்பில்லை. எனக்குப் பாடம் அவருடைய இளமையில் இருக்கிறது. பண்ணைப்புரத்திலிருந்து ஊர் ஊராகக் கச்சேரி செய்து, ஆர்மோனியம் கைவந்த பிறகு சென்னைக்குப் போனவர், அங்கே தன்ராஜ் மாஸ்டர் முன்னால் மாணவனாகப் போய் உட்கார்ந்தார். தெரிந்த கையே ஆசிரியரைத் தேடிப் போயிருக்கிறது. ஏ.ஆர்.ரகுமானும் அதே தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றவர். கணினி இசையில் அவருக்குக் கிடைக்காத மென்பொருள் உலகத்தில் உண்டா? அவர் 2008இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரி தொடங்கியபோது அங்கே ஆசிரியர்களைத்தான் வைத்தார்.

நம் பக்கத்து மாவட்டத்து மனிதர் ஒருவரையும் சொல்ல வேண்டும். சாம்பவர்வடகரை ஆபிரகாம் பண்டிதர், 1859இல் பிறந்தவர். என்னைப் போலவே ஆசிரியப் பயிற்சி படித்தவர், திண்டுக்கல்லில். ஆசிரியராக வேலை பார்த்து, சித்த மருத்துவத்தில் பெயரெடுத்து, தஞ்சாவூரில் இருந்துகொண்டு இசை ஆராய்ச்சியில் இறங்கினார். மேற்கத்திய இசைக் குறிமுறையையும் கற்றுக்கொண்டார். 1912இலிருந்து சொந்தச் செலவில் சங்கீத மாநாடுகள் கூட்டி வித்துவான்களை எதிரெதிரே உட்காரவைத்துச் சுருதிக் கணக்கை விவாதிக்க வைத்தார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் புத்தகம் போட்டார். அவ்வளவு கணக்குப் போட்டவர்கூடத் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டால் போதும் என்று நினைக்கவில்லை. ஆட்களைக் கூட்டினார்.

இதற்கிடையில் என் மதினி ஒருவர், "கீபோர்டெல்லாம் ஒரு வாத்தியமா, கமகம் வருமா" என்று கேட்டார். வராது மதினி. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக அதில் வழியில்லை. இதே காரணத்தைச் சொல்லித்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தடை செய்தது. 1971இல்தான் அது தளர்ந்தது. அந்தத் தடையெல்லாம் வருவதற்கு முன்பே செங்கோட்டை கிட்டப்பாவின் பாட்டுக்கு அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்துத் தமிழ்நாடே கேட்டது. பாடகர்கள் 'எனக்கு ஒரு கட்டை, நாலரைக் கட்டை' என்று சுருதி சொல்கிறார்களே, அந்தக் கட்டை ஆர்மோனியக் கட்டைதான். அவரவர் ஆசைக்கு அவரவர் வாத்தியம்.

சரி, வெம்பக்கோட்டையில் பியானோ டீச்சருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்ல வேண்டிய இடம் வேறு. உங்களில் எத்தனை பேருக்குப் பள்ளியில் இசை வகுப்பு இருந்தது? 2012இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து மாநிலம் முழுக்க 16,549 பேரைப் பகுதிநேரமாக, மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அதுவும் ஆறாம் வகுப்புக்கு மேல்தான். ஆசிரியர் இல்லாமலே இசை என்பதை நம் ஊர்ப்பக்கம் செயலிக்காரர்கள் வருவதற்கு முன்பே நடத்திக் காட்டியாகிவிட்டது. இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது தொடங்கினால் இரத்த அழுத்தம் ஏறும்.

ஆனாலும் ஆள் இருக்கிறார்கள். நான் கற்றுக்கொள்வது தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் ஒரு தம்பியிடம். பகலில் சிவகாசியில் அச்சக வேலை. என்னிடம் இரண்டாம் வகுப்பு படித்தவன். பாடம் நடக்கும் முக்கால் மணி நேரம் அவன் எனக்கு 'சார்', நான் அவனுக்கு 'டீச்சர்'. யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று என் பேத்திக்கு இன்னும் விளங்கவில்லை. மாதம் 600 ரூபாய் கொடுக்கிறேன். வேண்டாம் என்றுதான் சொன்னான், வாங்கிக்கொள்ள வைத்தேன். முதல் நாள் பாட்டே கிடையாது. என் முழங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், கரும்பலகையில எழுதுற மாதிரி தோளைத் தூக்குறீங்க, இறக்குங்க" என்றான். 36 வருடப் பழக்கத்தை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டான். எந்த மைக்குக்கு இது கேட்கும்? இன்னொரு நாள் ஒரே சுரத்தைப் பத்து தடவை, பூப்போல ஒருமுறை, ஓங்கி ஒருமுறை என்று அழுத்த வைத்தான். 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி இந்த வாத்தியத்தைச் செய்தபோது அதன் சிறப்பே அதுதான், விரல் சொன்னபடி மெல்லவும் உரக்கவும் ஒலிக்கும். பியானோ என்ற பெயரே 'மெல்ல' என்பதிலிருந்து வந்தது. மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே பச்சை காட்டுகிற பாடத்தில் அந்தப் பெயருக்கே வேலையில்லை.

மென்பொருளை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை. நானே தினமும் பயன்படுத்துகிறேன், சார் சொன்ன இடத்தில் மட்டும். மியூஸ்ஸ்கோர் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. பாடத்தை அதில் ஏற்றி, வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுருதி மாறாமல் கேட்கலாம். தடுமாறும் இரண்டு வரியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். தாளத்துக்கு மெட்ரோனோம் தட்டும். ராத்திரி பதினொரு மணிக்கு இயர்போன் போட்டு வாசித்தால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வரமாட்டார்கள். நான் வாசித்ததைப் பதிவு செய்து நானே கேட்கலாம், அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது. இதெல்லாம் கரும்பலகை, சிலேட்டு, மணிச்சட்டம் மாதிரி. மணிச்சட்டத்தை வைத்துவிட்டு நான் வகுப்பை விட்டுப் போயிருந்தால் நீங்கள் என்ன கணக்குப் படித்திருப்பீர்கள்?

ஆகவே அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கீபோர்டு வாங்கிக் கொடுத்திருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். பெட்டியை அனுப்பினீர்கள், சந்தா கட்டினீர்கள், பிறகு ஒருமுறையாவது 'வாசித்துக் காட்டுங்கள்' என்று கேட்டீர்களா? உங்கள் முதல் பரிசளிப்பு விழாவுக்கு வேலையை விட்டு, கூலியை விட்டு வந்து கடைசி வரிசையில் நின்றவர்கள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் 'சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா' என்பதற்குப் பிறகு ஐந்து நிமிடம் போனைக் கீபோர்டு பக்கம் திருப்பச் சொல்லுங்கள். உங்களுக்குச் சங்கீதம் தெரிய வேண்டியதில்லை. எந்த விரலால் அழுத்துகிறார்கள் என்று பார்க்கக் கண் போதும்.

புளூடூத்தை அணையுங்கள், கம்பி இயர்போன் வாங்கிக் கொடுங்கள். மைக் வழியாகக் கேட்கும் செயலியானால் விசிறியை நிறுத்திவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள், முடிந்தால் கம்பி வழிக்கு மாற்றுங்கள். செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், அது தனியாக ரத்து செய்ய வேண்டியது. தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு செய்தி அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தச் செய்தி அம்மாவின் போனுக்கு ஆங்கிலத்தில் வந்து விழுந்தால் அவர் என்ன செய்வார்? ரத்து செய்த பணத்தில் பாதியை ஊரில் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு மாதம் இரண்டு தடவை வந்து பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். கல்யாண இசைக்குழுவில் வாசிப்பவர் இருப்பார், தேவாலயத்தில் வாசிப்பவர் இருப்பார், பஜனை மடத்தில் ஆர்மோனியம் தெரிந்த பெரியவர் இருப்பார். தேடினால் கிடைப்பார்கள்.

பரணிலிருந்து இறங்கிய அந்தச் சேலை சுற்றிய கீபோர்டின் சொந்தக்காரர் இப்போது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு என் வீட்டுக்கு வருகிறார். இப்போதைக்கு ஐந்து விரலுக்கு ஐந்து சுரம்தான். கூட இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள், ஒருவர் பயராபீஸ் சம்பளக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். நம்ம சார் மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். மூன்று பேருக்கு இரண்டு கீபோர்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் 61 கட்டை கீபோர்டு சும்மா கிடந்தால், அடாப்டரோடு, உள்பெட்டியில் சொல்லுங்கள். இரண்டு கட்டை வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை. சிவகாசி வரை வந்தால் நான் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறேன்.